இரவு வேட்டைக்கு அகச்சிவப்பு லேசர்: புள்ளியைப் பார்த்து வாங்காதீர்கள், விளக்கைப் பார்த்து வாங்குங்கள்

டெக்சாஸில் இரவு வேட்டை என்றால் பெரும்பாலும் காட்டுப்பன்றிதான். மாநிலம் முழுக்க 25 இலட்சத்துக்கும் மேல் திரிவதாக மதிப்பிடுகிறார்கள். சோளம், நிலக்கடலை, மேய்ச்சல் புல் என்று எதுவானாலும் ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். 2019 செப்டம்பர் முதல், நிலத்துக்காரர் சம்மதித்தால் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. துரத்தத் துரத்தப் பன்றி இரவு மிருகமாகிவிட்டது, வேட்டைக்காரர்களும் கூடவே இரவுக்கு மாறினார்கள். அங்கேதான் அகச்சிவப்பு லேசர் வருகிறது.

தலையில் நைட் விஷன் கருவி (இருட்டிலும் பார்க்க வைக்கும் கருவி) மாட்டியிருக்கும்போது துப்பாக்கியின் ஸ்கோப்பில் கண்ணைப் பொருத்துவது பெரும் அவஸ்தை. லேசர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி, நைட் விஷனில் மட்டும் பளிச்சென்று தெரியும். புள்ளி எங்கே விழுகிறதோ அங்கே குண்டு போகும். கூடவே அதே பெட்டியில் ஒரு அகச்சிவப்பு விளக்கும் இருக்கும். நிலவில்லாத இரவில் அந்த விளக்குதான் பன்றியைக் காட்டிக்கொடுக்கிறது.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த லேசர் அதிகத் தூரம் போகும்?’ என்றுதான். அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடலாம். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் அகச்சிவப்பு லேசர், கண்ணுக்கு ஆபத்தில்லாத முதல் வகுப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதி. 830 முதல் 850 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் அந்த வரம்பு ஏறத்தாழ 0.7 மில்லிவாட். பச்சை, சிவப்பு லேசருக்கு 5 மில்லிவாட் வரை விட்டுக்கொடுப்பவர்கள் இதில் மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்றால், காரணம் நம் கண்ணில் இருக்கிறது. பளீரென்ற வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாததால் இமைக்கு எதுவும் தெரியாது. விழித்திரை கருகுவதும் உடனே தெரியாது. அதனால் எந்த நிறுவனத்தின் பெட்டியை எடுத்தாலும் குறிபார்க்கும் புள்ளியின் பலம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கருவிக்குக் கருவி மாறுவது விளக்குதான்.

ராணுவத்தின் முழுச் சக்தி கொண்ட வகையை இணையத்தில் யாராவது சத்தமில்லாமல் விற்றால், தயவுசெய்து தொடாதீர்கள். அது எந்த வழியில் வெளியே வந்தது என்பது ஒரு பிரச்சினை. பக்கத்தில் நிற்கும் நண்பரின் கண் அதைவிடப் பெரிய பிரச்சினை. ஒற்றைக்கண் கருவி அணிந்திருந்தால் இன்னொரு கண் திறந்துதானே இருக்கும்?

சரி, கருவிகளுக்கு வருவோம். எல்3ஹாரிஸ் நிறுவனத்தின் ஏடிபியல்-சி, அமெரிக்கச் சிப்பாய்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் பெக்-15 கருவியின் பொதுமக்கள் வடிவம். எடை சுமார் 213 கிராம், ஒரே ஒரு சிஆர்123 பேட்டரி. அடிபட்டாலும் நனைந்தாலும் ஜீரோ (புள்ளியையும் குண்டு விழும் இடத்தையும் பொருத்தி வைத்த அமைப்பு) நகராது என்று பெயர் வாங்கியது, அந்தப் பெயர் நியாயமானதும்கூட. ஆனால் இதன் விளக்கும் லேசர் வகைதான். ஆகவே சட்ட வரம்பு அதையும் பிடித்துக்கொள்கிறது. திறந்த வெளியில் நல்ல நிலவு இருந்தால் போதும். மரநிழலில் நிற்கும் கறுப்புப் பன்றியைக் காட்ட அது திணறும். ஸ்டைனரின் டிபால்-ஏ3யும் இதே வழியில் போவதுதான், இதே குறைதான்.

அதே ஸ்டைனரின் டிபால்-டி2 வேறு பாதையில் போகிறது. அதில் விளக்கு லேசர் அல்ல, எல்இடி. லேசர் விதி லேசருக்கு மட்டுமே என்பதால் எல்இடியில் தாராளமாக வெளிச்சம் கொடுக்க முடிகிறது. கற்றையைக் குவிக்கவும் விரிக்கவும் முடியும். மரங்களுக்கு இடையே உண்மையில் வேலை செய்வது இந்த மாதிரிதான். விலையாகக் கொடுக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பெட்டி பருமன், குட்டைத் துப்பாக்கியில் முன்பாரம் தெரியும். இன்னொன்று, எல்இடி வெளிச்சம் விளிம்பில் சிந்தும். முழங்கால் உயரப் புல்லில் படுத்துச் சுடும்போது அந்தச் சிதறல் பக்கத்துப் புல்லில் பட்டுத் திரும்பி வரும். நைட் விஷன் தன் பிரகாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், தூரத்துப் பன்றி இருட்டில் மறையும். நின்றோ முக்காலி வைத்தோ சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பி.ஈ. மேயர்ஸின் மால்-சி1+ இவை எல்லாவற்றிலும் விலை கூடியது. நான் அதிகம் மதிப்பதும் இதைத்தான். இதன் விளக்கு விசெல் என்ற நுண்லேசர் வகை. சாதாரண லேசர் விளக்கில் வரும் புள்ளி புள்ளியான கலங்கல் இதில் இல்லை, வெளிச்சம் சீராக விழும். கிட்டம், நடுத்தரம், தூரம் என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் புள்ளிக்கும் விளக்குக்கும் பொருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கும். இருட்டில், கையுறையோடு, பன்றிக் கூட்டம் நகரத் தொடங்கிய நேரத்தில் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அப்புறம், லேசர் முகப்பு பக்கவாட்டில் தாழ்வாகத் தொங்குவதால் பார்வைக்குக் குறுக்கே நிற்பதில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போகிறவர்கள் இவ்வளவு செலவு செய்ய வேண்டுமா என்றால், வேண்டாம். டி2 போதும்.

மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வேட்டையாடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே காற்றில் ஈரம் அதிகம். மூடுபனி இறங்கினால் விளக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு வெள்ளைத் திரை உங்கள் முன்னாலேயே எழும். அப்போது விளக்கைக் குறைக்க வசதி இருக்க வேண்டும். வாங்கும்போது குறைந்த அளவையும் கேளுங்கள். 940 நானோமீட்டர் விளக்கு இன்னும் மறைவானது என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. 850 விளக்கின் முகப்பு எதிரில் நிற்பவருக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும், 940 தெரியாது என்பது உண்மைதான். ஆனால் மூன்றாம் தலைமுறை நைட் விஷன் குழாயின் உணர்திறன் 900ஐ ஒட்டிச் சரிந்துவிடுகிறது. 940 அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு.

‘இதெல்லாம் எதற்கு, தெர்மல் ஸ்கோப் வாங்கினால் முடிந்ததே’ என்று கேட்பவர்கள் சொல்வதில் பாதி சரி. பன்றியைக் கண்டுபிடிப்பதில் தெர்மலுக்கு ஈடு கிடையாது. உடல் சூட்டையே பார்ப்பதால் விளக்கும் வேண்டாம். ஆனால் சூடு இல்லாத முள்வேலிக் கம்பி அதில் சரியாகத் தெரியாது. தொலைவில் நிற்பது பன்றியா, கன்றுக்குட்டியா, பக்கத்துப் பண்ணையின் நாயா என்பதிலும் சந்தேகம் வரும். மாடு மேயும் நிலத்தில் அந்தச் சந்தேகத்தோடு விசையில் விரல் வைக்கக் கூடாது. தெர்மலையும் லேசரையும் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெர்மல் பார்ப்பது வெப்பத்தின் நீண்ட அலையை, லேசரின் புள்ளி அதில் தெரியவே தெரியாது. கையில் ஒரு தெர்மல் வைத்துத் தேடுவது, தலையில் நைட் விஷன் வைத்து அடையாளம் பார்ப்பது, பிறகு லேசரால் சுடுவது என்ற வரிசையே நன்றாகப் பொருந்துகிறது.

எதை வாங்கினாலும் ஜீரோ செய்யும் முறை பாதி வேலை. இந்தக் கருவிகளில் கண்ணுக்குத் தெரியும் லேசரும் உண்டு. அது அகச்சிவப்போடு நேர்படுத்தப்பட்டிருப்பதால், பகலின் மங்கிய நேரத்திலேயே ஜீரோ செய்துவிடலாம். குழலின் பக்கவாட்டில் 5 சென்டிமீட்டர் தள்ளி லேசர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் இரண்டையும் சந்திக்க வைத்தால், 100 மீட்டரில் புள்ளிக்கும் குண்டுக்கும் பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர் விலகல் வந்துவிடும். பன்றியின் உயிர்நிலையைத் தவறவிட்டு, காயத்தோடு புதருக்குள் ஓடவிட அது போதும். பக்கவாட்டில் இரண்டையும் இணையாக வைத்தால் எந்தத் தூரத்திலும் விலகல் அதே 5 சென்டிமீட்டர்தான். 100 மீட்டர்த் தாளில் குண்டுத் துளை புள்ளிக்குப் பக்கத்தில் சரியாக அந்த 5 சென்டிமீட்டரில் விழுகிறதா என்று பாருங்கள். கருவியைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.