அழிக்கப்பட்ட நூலின் மறுபதிப்பு: சித்தபிரசாத்தின் ‘ஹங்கிரி பெங்கால்’

வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த ஓவியர் சித்தபிரசாத்தின் ‘ஹங்கிரி பெங்கால்’ (பசித்த வங்கம்) என்னும் சிறுநூலை, டெல்லி ஆர்ட் கேலரி 2011இல் மூலப் பிரதியில் உள்ளவாறே மறுபதிப்பு செய்தது. 1943 நவம்பரில் மிட்னாபூர் மாவட்டத்தைச் சுற்றிவந்து அவர் எழுதி வரைந்த அந்நூலின் 5,000 பிரதிகளை பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. அவருடைய குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்த பிரதியே இப்பதிப்புக்கு மூலம். அவர் சார்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சியின் மீதான தடை 1942இலேயே நீங்கியிருந்தது, கட்சியும் அப்போது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசின் போர் முயற்சியை ஆதரித்தே வந்தது. அப்படியிருந்தும் இந்த மெல்லிய நூலை அரசு விட்டுவைக்கவில்லை.

கருப்பு மையில் வரையப்பட்ட படங்களைக் கலைத் தொகுப்புகளில் தனித்தனியே பார்த்தவர்களுக்கு இப்பதிப்பு புதிதாகத் தருவது, அவற்றை ஒட்டி அவரே எழுதிய பயணக் குறிப்பு. விலங்குகள் குதறும் ஓர் உடலை வரைந்தவர், இறந்தவரின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறார். பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர் என்று படித்துப் பழகிய நமக்கு, ஒரு பிணத்துக்குப் பெயரும் இருந்தது என்பதை அந்தப் பக்கம் உறைக்கும்படி சொல்கிறது. பரிதாபத்தைக் கூட்டுவதற்கான அலங்காரம் எதுவும் உரையில் இல்லை. பத்திரிகைச் செய்தியாளரின் நிதானம்தான் இருக்கிறது.

குறை என்று சொன்னால், கட்சி ஊழியர்கள் கைமாற்றிப் படிப்பதற்காக அச்சான நூல், சித்தபிரசாத்தின் வாழ்வையும் படைப்புகளையும் பற்றிய, சேகரிப்பாளர்களுக்கான பெரிய தொகுதிகளோடு சேர்ந்து வந்ததைத்தான் சொல்வேன். ஆயினும் அத்தொகுதிகள் வீண் அல்ல. 1915இல் நைஹாட்டியில் பிறந்து, சாதியைக் காட்டும் பட்டாச்சார்யா என்ற பெயரை உதறியவர், 1940களின் இறுதியில் கட்சியை விட்டு விலகி, பம்பாய் அந்தேரியில் வறுமையில் வாழ்ந்தபடி லினோ அச்சுப்படங்களும் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடுபவை) பொம்மலாட்டமும் செய்து, 1978இல் காலமான கதை அவற்றில்தான் விரிகிறது. உழைக்கும் குழந்தைகளைப் பற்றிய லினோ படங்கள் எனக்குப் பஞ்சப் படங்களைவிடவும் தேர்ந்தவையாகத் தோன்றுகின்றன. வாங்க இயலாதவர்கள் கலைக் கல்லூரி நூலகங்களில் விசாரித்துப் பார்க்கலாம். கிடைத்தால் சிறுநூலை முதலில் படித்துவிட்டுத் தொகுதிகளுக்குச் செல்வது நல்லது.