பெயர் தெரியாத பழமரங்கள்: இப்போதே கவாத்தா, ஒரு வருஷம் பொறுப்பதா?

மதுரையில் அழகர்கோவில் பக்கமோ நத்தம் ரோட்டிலோ, என்ன மரமென்றே தெரியாத பழைய தோட்டத்தைக் கிரயம் முடித்ததும் பலரும் முதலில் கூப்பிடுவது மரம் வெட்டுகிற ஆட்களைத்தான். "எல்லாத்தையும் கழிச்சு விட்ருவோம் சார், நல்லாத் தழையும்" என்பார்கள். தழையும்தான். காய்க்குமா என்பது மரத்தைப் பொறுத்தது.

கொய்யா, சீத்தா, இலந்தை மூன்றும் புதுத் துளிரில் பூப்பவை. மாதம் தப்பி வெட்டினாலும் அடுத்த துளிரில் ஈடுகட்டிவிடும். மா அப்படியில்லை. முற்றிய கிளை நுனியில்தான் மார்கழி, தையில் பூவெடுக்கும். ஐப்பசியில் நுனியைக் கழித்தால் அந்த வருஷக் காய்ப்பு பெரும்பாலும் போச்சு. மொட்டையடித்தால் மறுபடி காய்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். பலாவில் அடிமரத்துச் சிறு துளிர்களைச் செதுக்கினால் பிஞ்சுக்கே இடமிருக்காது. சப்போட்டாவுக்குக் கவாத்தே, அதாவது கிளை கழிப்பதே, அதிகம் தேவையில்லை.

அதனால் என்ன மரமென்று தெரியும்வரை ஒரு வருஷம் எதையுமே தொடாமல் விடலாமா? அதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரே மரத்தில் இரண்டு வித இலை தெரிந்தால் உடனே கிட்டப் போய்ப் பாருங்கள். மாங்கிளையில் முண்டு போல வீங்கிய இடத்திலிருந்து தடித்த இலையோடு வேறொரு செடி கிளம்பியிருந்தால் அது புல்லுருவி. விட்டால் குருவிகள் பழத்தைத் தின்று தோட்டம் முழுக்க விதையைப் பரப்பிவிடும். முண்டுக்கு நன்றாகக் கீழே, கிளையோடு அறுக்க வேண்டும். வேற்று இலை ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்தால் அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டைத் தாங்கும் அடிச்செடியின், போத்து (பக்கத் துளிர்). சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலை மரக் கன்றில்தான் ஒட்டுவார்கள். போத்தை வளரவிட்டால் ஒட்டு நலிந்து பாலைதான் மிஞ்சும்.

என் கட்சி நடுவில்தான். புல்லுருவி, போத்து, பட்ட கிளை மூன்றையும் இப்போதே எடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். பட்டதா என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கோடையில் இலையுதிர்ந்து நிற்கும் சீத்தாவைப் பட்டுப்போனதென்று வெட்டிவிடுகிறார்கள், பாவம். பெரிய வெட்டுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் கலந்த போர்டோ பசை பூசுங்கள்.

பெயர் தெரியாத மரத்தின் இலையைக் கசக்கினால் மாங்காய் வாசம் வந்தால் மா, காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வந்தால் சப்போட்டாவோ பலாவோ, உரியும் வழவழப் பட்டை என்றால் கொய்யா. அதிலும் பிடிபடாவிட்டால் ஒரு கொப்பை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் மாவில் கல்லாமை ரகமா, காசா ரகமா என்பதைப் பழம் வந்துதான் சொல்ல வேண்டும். மா என்று தெரிந்துவிட்டால் பறிப்பு முடிந்த ஆடி, ஆவணியில் கவாத்து வைத்துக்கொள்ளுங்கள்.