பாஞ்சோ: மூன்று விரல் பாணியா, கிளாஹாமரா?

தோல் போர்த்திய ஐந்து கம்பி வாத்தியமான பாஞ்சோவில், புளூகிராஸ் எனும் அமெரிக்க நாட்டுப்புறக் குழு இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், மூன்று விரல் பாணிதான். 1945 டிசம்பரில் புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் அந்த இசைக்குத் தந்த முகம் அது. கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக் (கம்பியை மீட்ட விரலில் மாட்டுவது), ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக பிக். மோதிர விரலோ சுண்டுவிரலோ பாஞ்சோவின் தோலில் ஊன்றி நிற்க வேண்டும்; கை மிதந்தால் கம்பி தவறும். பெரும்பாலோர் சறுக்குவது வேகத்தில் அல்ல. ஒரு சுற்றில் வரும் எட்டு ஸ்வரங்களையும் ஒரே அழுத்தத்தில் மீட்டுவதால் மெட்டு உள்ளே புதைந்துவிடுகிறது. மெட்டு விழும் கம்பியை மட்டும் சற்று அழுத்துங்கள்.

கிளாஹாமர் இதைவிடப் பழையது, வேர் ஆப்பிரிக்காவில். பிக் தேவையில்லை, பின்பக்கம் திறந்த பாஞ்சோ போதும். விரலை மடக்கி நகத்தின் மேற்புறத்தால் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். அதே நொடியில் கட்டைவிரல் குட்டையான ஐந்தாம் கம்பியில் அமர்ந்து, பிறகு அதை விடுவிக்கும். விரல் மேல்நோக்கிச் சுண்டினால் தாளமே கெட்டுவிடும். தனியாகப் பாடிக்கொண்டே வாசிக்க இதுவே சுகம், ஆனால் புளூகிராஸ் குழுவின் வேகமான தனி வாசிப்புக்கு எடுபடாது.

இரண்டுக்கும் ஜி சுருதியே தொடக்கம். ஏ சுருதிக்குப் போக கழுத்தின் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடும்போது, ஐந்தாம் கம்பியையும் ஏ வரை ஏற்ற மறக்காதீர்கள்; கேப்போ அதைத் தொடாது.