வளவில் பறவைகளுக்குத் தண்ணீர்ச் சட்டி: திருகோணமலை வெயிலில் நீண்டகாலம் பாவித்த அனுபவம்

திருகோணமலையில் வளவுக்குப் பறவை வர வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டியது தீனித் தட்டை அல்ல, தண்ணீர்ச் சட்டியை. மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் காலத்தில் வேலியோரப் பற்றைகூடக் காய்ந்துபோய்விடும். அரிசி போட்டால் காகமும் மைனாவும் புறாவும் வரும். அவை போடாவிட்டாலும் வரும். தானியத்தை அவ்வளவாக நாடாத குண்டுக்கரிச்சான், மாங்குயில், கொண்டைக்குருவி, புலுனிக் கூட்டம் எல்லாம் இறங்குவது தண்ணீருக்குத்தான்.

பிளாஸ்டிக், சீமெந்து, மண் என்று மூன்று வகைச் சட்டியையும் பல கச்சான் காலம் வெளியில் விட்டுப் பார்த்ததில் மண்சட்டிதான் முன்னுக்கு நிற்கிறது. பிளாஸ்டிக் தட்டில் மத்தியானத்துக்குள் தண்ணீர் சுடும், கால் வழுக்கும், வெயில் பட்டுப் பட்டு விளிம்பு உடைந்து கொட்டும். தூணோடு விற்கும் சீமெந்துத் தொட்டி பார்வைக்கு அழகு. ஆனால் பெரும்பாலும் நடுவில் நாலு அங்குலம் ஆழம். குருவிக்கு அது கிணறு. வாங்கிவிட்டவர்கள் ஒரு பக்கத்தில் கல்லைச் சரிவாக அடுக்கி ஆழத்தைக் குறைக்கலாம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு இறங்கும் என்பதால் ஒரு கிழமையாவது தண்ணீர் நிரப்பி, தினமும் மாற்றி ஊற்றிய பிறகே பறவைக்கு வைக்க வேண்டும். மண்சட்டியில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி தங்கும், சொரசொரப்பில் கால் பிடிக்கும். மெருகு பூசாத, வாய் 16 முதல் 18 அங்குலம் அகன்ற, நடு ஆழம் 2 அங்குலத்தைத் தாண்டாத சட்டி போதும். விளிம்போரம் தண்ணீர் அரை அங்குலம்தான் நிற்க வேண்டும். நடுவில் ஒரு தட்டையான கல்லை வையுங்கள். தையற்காரக் குருவி போன்ற சின்னவை அதில் நின்றுதான் குடிக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. ஒரு மீற்றர் உயரத்தில் வைத்தால் பூனை எட்டாது என்று நினைப்பார்கள். பூனைக்கு அது ஒரு பாய்ச்சல். காப்பாற்றுவது உயரமல்ல, வெளி. சட்டியைச் சுற்றி இரண்டு இரண்டரை மீற்றருக்குப் பற்றையோ பூச்சாடியோ இருக்கக் கூடாது. அதற்கு அப்பால் ஒரு மரக்கிளை கட்டாயம் வேண்டும். நனைந்த இறக்கையோடு பறவையால் தூரம் பறக்க முடியாது, அந்தக் கிளைதான் அதற்குத் தப்பும் இடம். வேம்பின் கிழக்குப் பக்கம் நல்லது: காலை வெயில் படும், பின்னேரம் நிழல் விழும்.

கோட்டைப் பக்கத்திலும் அதை அண்டிய தெருக்களிலும் இருப்பவர்களுக்கு வேறு ஊரில் இல்லாத ஒரு தொல்லை உண்டு, மான். புள்ளிமான் வந்து மூக்கால் தள்ளினால் சட்டி தரையில்தான். இரும்புக் குழாயின் தலையில் கம்பி வளையம் ஒட்டி, சட்டியை அதற்குள் இறக்கிக் கம்பியால் கட்டுங்கள். மானுக்குத் தனியாகத் தரையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டால் இரு தரப்புக்கும் சமாதானம்.

காகம் இன்னொரு வழக்கு. மீன் குடலையும் எலும்பையும் கொண்டுவந்து சட்டியில் ஊறப்போட்டுத்தான் தின்னும். ஒரு மணித்தியாலத்தில் தண்ணீர் எண்ணெய் படர்ந்து நாறும், பிறகு எந்தக் குருவியும் கிட்ட வராது. கம்பி வலை மூடினால் கொண்டைக்குருவியின் வரவும் சேர்ந்து நின்றுவிடும். ஆகவே பெரிய சட்டியைக் காகத்துக்கே விட்டுக்கொடுத்து, ஏழெட்டு மீற்றர் தள்ளி, தாழ்ந்த கிளைகளுக்குள் 8 அங்குலச் சட்டி ஒன்றைத் தொங்கவிடுவது பலன் தருகிறது. ஆடும் சின்னச் சட்டியில் இறங்கக் காகத்துக்குப் பிடிக்காது.

தேங்கிய தண்ணீரை விடச் சொட்டும் தண்ணீர் இழுக்கும், அந்தச் சத்தம்தான் அழைப்பு. ஒன்றரை லீற்றர்ப் போத்தலின் மூடியில் ஊசித் துளை போட்டுத் தலைகீழாகக் கட்டினால் சற்று நேரத்தில் சொட்டு நின்றுவிடும். காற்று உள்ளே போக அடியிலும் ஒரு துளை வேண்டும். பாமசியில் விற்கும் சேலைன் ரியூப் இன்னும் சுகம், உருளையைத் திருகி வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். செக்கனுக்கு ஒரு சொட்டு என்றால் ஒன்றரை லீற்றர் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் வரும். ரியூபுக்குள் பாசி பிடிக்கும், அவ்வப்போது புதிதாக மாற்றுங்கள். சொட்டு சட்டிக்கு வரும் வழியில் ஒரு வாழை இலை இருக்கட்டும். தேன்சிட்டு சட்டியில் இறங்கிக் குளிப்பது அபூர்வம். நனைந்த இலையில் நெஞ்சை அழுத்தி, இறக்கையை அரைவாசி விரித்து, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே குளிக்கும். இலையின் நரம்போரம் நிற்கும் தண்ணீரே அதற்குக் காணும்.

டெங்கு விஷயத்தில் சலுகை இல்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்கு வந்து சட்டியைப் பார்த்தால் கேள்வி வரும், வரவும் வேண்டும். தண்ணீரைக் கொட்டி மாற்றுவது மட்டும் காணாது. டெங்கு நுளம்பின் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். தினமும் காலையில் கொட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தும்பால் விளிம்புவரை தேய்த்துக் கழுவுங்கள். சவர்க்காரம் போட வேண்டாம். மாதத்தில் ஒருமுறை ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி வெயிலில் காயவைத்தால் நோய்க்கிருமியும் போகும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் வெள்ளைப் படிவு ஏறும். தேசிக்காய்த் தோலால் தேய்த்தால் விடும். கடலோரக் கிணறு உவராக இருந்தால் பைப் தண்ணீரே நல்லது.

தீனி பற்றிச் சுருக்கமாக. குரக்கனும் தினையும் ஒரு கைப்பிடி தூவினால் சில்லைகள் வரும். மிஞ்சினால் இரவில் எலி வரும், எலிக்குப் பின்னால் சாரை வரும். உப்பும் எண்ணெயும் பட்ட சோறு, மிக்சர் வேண்டாம். பாதிப் பப்பாசியை ஆணியில் குத்தி வைத்தால் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் குயிலும் இறங்கும், பொழுதுபட முன் எடுத்துவிட வேண்டும். சீனித் தண்ணீர்ப் போத்தல் இந்த ஊருக்குச் சரிவராது. ஒரே நாளில் புளிக்கும், எறும்பு மொய்க்கும். அந்தக் காசுக்குச் செவ்வரத்தையும் ஜாம் மரமும் நடலாம். முருங்கை பூத்திருக்கும் வீட்டில் தேன்சிட்டுக்கு வேறெதுவும் தேவையில்லை.

ஒக்டோபரில் மழை தொடங்கினால் சட்டிக்கு வரவு குறையும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். அப்போது பார்க்க வேண்டியது தரையை. வளவைக் கூட்டி இலையைக் கொளுத்தும் பழக்கத்தை ஒரு மூலைக்கு மட்டும் நிறுத்தினால், இந்தியாவிலிருந்து வந்திறங்கும் ஆறுமணிக்குருவி அந்தச் சருகைக் கிளறிப் புழு தேடும். விடியலிலும் பொழுது சாயும்போதும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் அதுதான். பைனோக்குலர் வாங்குவோர் 8×42 எடுக்கலாம், ஆனால் இரண்டு மீற்றர் கிட்டத்திலும் தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். வளவுக்கு அதுதான் முக்கியம். மாரியில் அதைத் துணிப் பைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டினால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.