பகல் சோர்வுக்குக் காபியா, ஓட்டமா?

பிற்பகலில் கண்கள் சொருகும்போது கை தானாகக் காபியைத் தேடுகிறது. அது தருவது உண்மையில் ஆற்றல் அன்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகிறது. அது சென்று சேர வேண்டிய இடங்களைக் காபியிலுள்ள காஃபின் பிடித்துக்கொள்வதால் சோர்வு நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்குள் தெளிவு வந்துவிடும். இந்த வேகத்தில் காபியை ஓட்டம் வெல்ல முடியாது. ஆனால் குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. மாலைக் காபி இரவுத் தூக்கத்தைக் கெடுத்து, மறுநாள் இன்னொரு கோப்பையைக் கேட்க வைக்கும்.

ஓட்டம் உடலையே மாற்றுகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் தசைச் செல்களில் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. நேற்று மூச்சு வாங்க வைத்த மாடிப்படி இன்று இலேசாகிறது. தூக்கமும் ஆழமாகிறது, என்னைக் கேட்டால் பெரிய லாபம் இதுதான்.

தொடக்க நாட்களில் ஓட்டம் களைப்பைக் கூட்டவே செய்யும். பலர் அங்கேயே விட்டுவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறிய வேகம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். நடையும் ஓட்டமுமாக 20 நிமிடம், வாரத்தில் மூன்று நாள்.

ஓடுவதற்கு முன் ஒரு கோப்பை காபி குடிப்பதில் தவறில்லை. நான் எதிர்ப்பது, ஓட்டத்துக்குப் பதிலாக அதைக் குடிப்பதைத்தான்.