பழைய அட்வென்ச்சர் மோட்டார் வாங்கப் போறீங்களா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ வட்டாரத்தில் பழைய அட்வென்ச்சர் மோட்டார் (தூரப் பயணத்துக்கும் மண் சாலைக்கும் ஏற்ற பெரிய பைக்) தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை; விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. மோட்டாரின் பிராண்டையும் எழுதவில்லை, ஏனென்றால் கோபம் அதைச் செய்த கம்பெனியின் மேல் இல்லை. 650 சிசி, இரட்டை சிலிண்டர், ஜப்பான்காரன் மோட்டார், 2016 பதிவு. அது போதும்.

மீட்டரில் பதினெட்டாயிரம் சொச்சம் கிலோமீட்டர். விலை 24,000 வெள்ளி. கடைக்காரர் நம்மவர்தான். "ஒரு டாக்டர் ஓட்டினது தம்பி. ஞாயித்துக்கெழம மட்டும்தான் வெளிய எடுப்பாரு. ஹைவே தவிர வேற ரோடே இந்த மோட்டாருக்குத் தெரியாது. நம்ம ஆளுகிட்ட போய் பொய் சொல்லுவேனா?" என்றார். கழுவித் துடைத்து, டயருக்குக்கூட கறுப்புப் பூசி, மூன்று பெட்டிகளும் மாட்டி, படத்தில் வருவதைப் போல நிறுத்தியிருந்தார்கள்.

இந்த வகை மோட்டாரை விற்கும்போது முதலில் காட்டுவது கிலோமீட்டரைத்தான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். 650-லிருந்து 1000 சிசி வரையிலான இரட்டை சிலிண்டர் என்ஜின்கள், ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்தால், ஒரு லட்சம் கிலோமீட்டரை அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். முதலில் போவது என்ஜினைச் சுற்றி இருப்பவை. ஸ்டேட்டர் (என்ஜினுக்குள் கரண்டு உண்டாக்கும் கம்பிச் சுருள்), ரெகுலேட்டர் (அந்தக் கரண்டை அளவாக்குவது), கைப்பிடி திரும்பும் கழுத்து பேரிங், பின் ஷாக்கைத் தாங்கும் லிங்கேஜ் மூட்டின் பேரிங், தண்ணீர் பம்ப் சீல், ஒயர் சாக்கெட். இவற்றில் பாதி ஓடித் தேய்வதில்லை. மழையிலும் சும்மா நிற்பதிலும் கெடும். பக்கத்திலேயே தைப்பிங் இருக்கிறது, மழையைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபதாயிரம் ஓடி, செய்த வேலைக்கெல்லாம் ரசீது வைத்திருக்கும் மோட்டாரை, பதினெட்டாயிரம் ஓடியதாகச் சொல்லிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் நிற்கும் மோட்டாரைவிட நான் நம்புவேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். லெங்கோங், கிரிக் வழியாகக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி வரைக்கும் போவதாக ஏற்பாடு. பண்டிங் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. பிறகு மீட்டர் மங்கியது, ஹெட்லைட் மஞ்சளடித்தது, ஓர் ஏற்றத்தில் என்ஜின் இருமி இருமி நின்றுவிட்டது. அந்தச் சாலை தெரிந்தவர்களுக்குத் தெரியும்: போனுக்கு லைன் கிடைக்காத இடங்கள் அதிகம், யானை கடக்கும் என்ற பலகைகள் வழி நெடுக, பெட்ரோல் நிலையம் எளிதில் கிடைக்காது. காய்கறி ஏற்றிவந்த ஒரு லோரிக்காரர்தான் கிரிக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பாதிப் பேர் அந்த வழியில் நிறுத்தமாட்டார்கள். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

கடைக்காரரிடம் கொண்டுபோனால், வாரண்டி என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும்தானாம், கரண்டு சம்பந்தப்பட்டது எதுவும் வராதாம். ஸ்டேட்டர் எரிந்துவிட்டது, புதுசு போட வேண்டும் என்று 1,400 வெள்ளி வாங்கினார். ரசீதில் "ஸ்டேட்டர் புதிது, ஒரிஜினல்" என்று அவர் கைப்பட எழுதியிருக்கிறது. அந்த ரசீதுதான் இப்போது எனக்குப் பெரிய பலம்.

கொஞ்ச நாளிலேயே மறுபடியும் பேட்டரி இறங்கியது. இந்த முறை கடைக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் டிராக்டரும் ஜெனரேட்டரும் பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெரிய மோட்டார் ஓட்டத் தெரியாது, ஆனால் கரண்டு ஓடும் எதையும் அவர் கையில் கொடுக்கலாம். சீட்டைக் கழற்றி ஒயர்க் கட்டைத் தடவிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்று, "இது என்னா தம்பி இவ்ளோ தடிப்பா இருக்கு?" என்றார். கறுப்பு டேப், சுற்றுமேல் சுற்று. பிரித்தால், ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் ஒயர்களும் காப்பித்தூள் நிறத்துக்கு வெந்துபோயிருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் சாக்கெட் உருகி, ஒரு பின் மட்டும் பச்சையாகப் பூத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றவில்லை. அதன் மேலேயே டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் பக்கவாட்டு மூடியைத் திறந்தோம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே சிலிகான் பசையைப் பூசி மூடியிருந்தார்கள். பிதுங்கி உள்ளே விழுந்த பசைத் துண்டுகள் ஆயில் வலையில் மாட்டியிருந்தன. "புது" ஸ்டேட்டர் ரீவைண்டிங் செய்தது, அதாவது பழைய இரும்பில் புதுக் கம்பி சுற்றியது. கம்பி புதுசு, வார்னிஷ் புதுசு. ஆனால் அந்த வார்னிஷுக்குக் கீழே இரும்புத் தகடுகளில் பழைய ஆயில் கறை அப்படியே தெரிகிறது. ரீவைண்டிங் செய்வதில் தப்பில்லை, நன்றாகச் செய்தால் பல வருஷம் உழைக்கும். அதைச் சொல்லி, அதற்கான காசை வாங்கியிருக்கலாம்.

ஸ்டேட்டர் ஏன் இப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் போமன் (மெக்கானிக்) சொல்வதுதான் வேதம் என்றாகிவிடும். பெரும்பாலான மோட்டார்களில் ஸ்டேட்டர் எப்போதும் முழு வேகத்தில் கரண்டு உண்டாக்கிக்கொண்டே இருக்கும். விளக்குக்கும் பேட்டரிக்கும் வேண்டியது போக மிச்சத்தை, சாதாரண ஷண்ட் வகை ரெகுலேட்டர் ஷார்ட் செய்து ஸ்டேட்டருக்கே திருப்பிவிடும். அதனால் எல்இடி பல்பு போட்டு மின்சாரம் மிச்சம் பிடித்தாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்காது, சூடு குறையாது. சாக்கெட்டில் ஒரு பின் துருப்பிடித்துவிட்டால் அங்கே தடை கூடும், சூடு கூடும், உருகும். மூன்று ஒயர்களில் ஒன்று அறுந்தால் மீதி இரண்டின் மேல் சுமை ஏறும். ஆகவே ஸ்டேட்டரை மட்டும் மாற்றி, பழைய ரெகுலேட்டரையும் வெந்த சாக்கெட்டையும் விட்டுவைப்பது வேலையே ஆகாது. நாங்கள் சாக்கெட்டை வெட்டியெறிந்து நல்ல கிரிம்ப் போட்டு, சீரிஸ் வகை ரெகுலேட்டரையும் மாட்டினோம். அந்த வகை, தேவையில்லாதபோது சுற்றைத் துண்டித்துவிடும். ஸ்டேட்டர் ஆறுதலாக இருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் மோசமான போமன் என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோதுதான் அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். ஃபில்டர் புதுசு. ஆனால் பெட்டியின் அடி மூலையில், விரல் நுழையாத மடிப்புகளில், செம்மண். செம்பனைத் தோட்டத்து உள் சாலையில் காய் லோரி போனபின் எழும்புமே, அதே மாவு மண். என்ஜின் அடித்தகட்டைக் கழற்றினால் அதன் மேல் இறுகிப்போன செம்மண் அடை. "ஹைவேல மட்டும் ஓடுன மோட்டாருக்கு இவ்ளோ மண்ணு ஏது தம்பி? டாக்டரு தோட்டத்துல காய் வெட்டப் போனாரா?"

பின் சக்கரத்தைத் தூக்கி, பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் 'டக் டக்' என்கிறது. லிங்கேஜைக் கழற்றினோம். ஊசி பேரிங்கில் கிரீஸே இல்லை. ஊசிகள் செந்நிறத் துருத்தூளாகக் கொட்டின. நம் ஊரில் எல்லாரும் கார் வாஷில் வாட்டர் ஜெட் வைத்து அடிக்கிறோம் இல்லையா, அந்தத் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும். மோட்டார் பளபளவென்று இருக்கும், பேரிங் செத்துப்போயிருக்கும். முன் சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினால் நேர் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நிற்கிறது; கழுத்து பேரிங்கும் போயாச்சு. முன் பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் 4.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். வெர்னியர் காலிப்பரை வைத்து அளந்தால் அதைத் தொட்டுவிட்டது. பதினெட்டாயிரத்தில் டிஸ்க் அவ்வளவு தேயாது.

மீட்டரின் பின்பக்க ஸ்குரூ தலைகளில் கீறல் இருந்தது. பல மோட்டார்களில் ஓடிய கணக்கு மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். குறைவாக ஓடி விபத்தில் நொறுங்கிய ஒரு மோட்டாரின் மீட்டரை மாட்டினால் கணக்கும் கூடவே வந்துவிடும். நண்பன் ஒருவன் பதிவு எண்ணை வைத்துத் தேடி, ஒரு பழைய விற்பனை விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அதே எண், டேங்கில் அதே கீறல், மீட்டர் படத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். கடைக்காரரிடம் காட்டினேன். "மீட்டர் கெட்டுப்போச்சு, மாத்தினோம்" என்றார். ஏன் சொல்லவில்லை? "நீங்க கேக்கலையே தம்பி."

மற்ற மாடல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எனக்குச் செய்திகள் வருகின்றன. மழையில் மட்டும் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு ஓடும் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650-ஐப் பார்த்தால், முன் சிலிண்டரின் பிளக் குழியில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பி போதும், இதற்கு இக்னிஷன் காயிலையே மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. பழைய கவாசாகி கேஎல்ஆர் 650-இல், குறிப்பாக 2007 வரை வந்தவற்றில், பேலன்சர் (என்ஜின் அதிர்வைக் குறைக்கும் பாகம்) சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் நெம்புகோல் உடையும். அதற்கு வேறு நெம்புகோல் போட்டாயிற்றா என்று கேட்காமல் வாங்காதீர்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ்-இன் முதல் தலைமுறைகளில் பெட்ரோல் அளவு காட்டும் பட்டை அடிக்கடி பொய் சொல்லும். பின் சக்கரம் மாட்டும் ஃபிளாஞ்ச் விரிசல் விடலாம் என்று 2015-இல் அந்தக் கம்பெனியே திரும்ப அழைத்தது. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவதுதான் அதற்கு முக்கியக் காரணம். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முறுக்குகிறார்களே, அங்கே கொஞ்சம் வாயைத் திறந்து, அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்சைக் கேளுங்கள். கேடிஎம் 790, 890 வாங்குகிறவர்கள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறதா என்று திறந்து பார்த்த ரசீதைக் கேட்கலாம்.

வால்வு இடைவெளி இன்னொரு ஏமாற்று. ஆப்பிரிக்கா ட்வின், வி-ஸ்ட்ரோம் 650 போன்றவற்றில் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். டேங்க்கைக் கழற்றி மணிக்கணக்கில் செய்யும் வேலை என்பதால் காசு வாங்கிக்கொண்டு செய்யாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வால்வு மூடியின் போல்ட் தலைகளில் பழைய தூசு அப்படியே ஒட்டியிருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். மோட்டாரைக் கடையில் விடுவதற்கு முன் போல்ட்டில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்துப் பாருங்கள்.

வாங்கப் போகும்போது மல்டிமீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் 5,000 சுற்றில் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறத்தாழ 14-லிருந்து 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் உங்கள் கண்ணால் பார்த்து கிராண்ட்டோடு (வாகனப் பதிவுப் பத்திரம்) ஒப்பிடுங்கள். மோட்டார் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருமுன்னே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். பி2 உரிமத்தை வைத்துக்கொண்டு 650-ஐ ஓட்டிப் பார்க்கக் கேட்கும் தம்பிகளே, அந்த உரிமம் 250 சிசி வரைக்கும்தான்.

ரசீதில் "இருக்கிற நிலையில் விற்பனை, உத்தரவாதம் இல்லை" என்று முத்திரை குத்தியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தருகிற உரிமையை ஒரு முத்திரையால் அழிக்க முடியாது. நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். பாரம் 1-ஐ நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும், வழக்கறிஞர் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: வியாபாரி மேல்தான் போடலாம், தனி ஆள் தன் சொந்த மோட்டாரை உங்களுக்கு விற்றிருந்தால் அங்கே எடுக்கமாட்டார்கள். விற்கும் முன்பே குறையைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள் என்றால் அந்தக் குறைக்காகக் கேட்பதும் கஷ்டம், ஆகவே எதையாவது கையெழுத்துப் போடச் சொன்னால் நிதானமாகப் படியுங்கள். கடையோடு பேசுவதைப் போனில் வைத்துக்கொள்ளாமல் குறுஞ்செய்தியில் எழுதுங்கள். நான் ரசீது, பழைய விளம்பரப் படம், வெந்த சாக்கெட், ஒரு சின்ன டப்பியில் அந்தத் துருத்தூள் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மன்றத்தின் கடிதம் கிடைத்ததும் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, ஸ்டேட்டர் காசை மட்டும் தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மீட்டர் கணக்குக்கும் சேர்த்துப் பேசுவதானால் உட்காருங்கள் என்றேன், கிளம்பிவிட்டார். விசாரணைத் தேதி வந்திருக்கிறது. இதற்கிடையில் அந்தக் கடை வாசலில் 1000 சிசி அட்வென்ச்சர் ஒன்று நிற்கிறது. மீட்டர் 15,000, ஒரே உரிமையாளர் என்று அட்டை தொங்குகிறது. பார்க்கப் போகிறவர்கள் அடித்தகட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.