கொடைக்கானலா, குமுளியா? பிள்ளைகளோடு சைக்கிளில் போனால்

மதுரையிலிருந்து சைக்கிளில் மலையேறப் போகிறோம் என்றால், யாரும் முதலில் கொடைக்கானலைத்தான் சொல்வார்கள். நாங்கள் பொங்கல் முடிந்த கையோடு குமுளிக்குப் போய்வந்தோம். நான், வீட்டுக்காரர், 13 வயது மகள், 9 வயது மகன்.

இயற்கை அழகு, குளிர் என்று பார்த்தால் கொடைக்கானல்தான் மேல். டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சாப்பாடு, தங்குமிடத்துக்கு இரண்டு பக்கமும் குறையில்லை.

நான் குமுளியைச் சொல்வது இறக்கத்துக்காக. ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். குமுளி ஏற்றம் கொடைக்கானலைவிடச் செங்குத்து, பாதி தூரம் நாங்களும் தள்ளினோம். இறக்கத்தில் பிள்ளையின் விரல்தான் பிரேக். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு 50 கி.மீ.க்கும் அதிகம், பெரும்பகுதி இறக்கம். முன்பு நானும் அவரும் மட்டும் இறங்கியபோது, பெருமாள்மலை தாண்டி நிறுத்தி, பிரேக் கட்டை உரசும் சக்கர ரிம்மைத் தொட்டேன், சுரீரென்று சுட்டது. புதிதாகப் போட்ட பிரேக் கட்டை கீழே வரும்போது பாதி தேய்ந்திருந்தது. மணிக்கட்டு இரண்டு நாள் வலித்தது. பெரியவள் எனக்கே அப்படியென்றால் சின்னப் பையனுக்கு?

குமுளி சுமார் 900 மீட்டர்தான். சைக்கிள்களைக் குட்டியானையில் தேனிக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து பைபாஸைத் தவிர்த்து ஊருக்குள் போகும் சாலையில் ஓட்டினோம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று வழியெல்லாம் வயலும் திராட்சைப் பந்தலும். லோயர் கேம்ப்புக்கு மேலே மலைச்சாலை ஆறேழு கி.மீ.தான். வளைவில் ராட்சதக் குழாய்களைப் பார்த்து மகன் நின்றுவிட்டான். 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர் அதில் இறங்கி மின்சாரம் தந்துவிட்டு நம்ம வைகைக்கு வருகிறது என்றதும், மூச்சு வாங்கியது மறந்துபோச்சு.

திரும்பும்போது மூன்று இடத்தில் நிறுத்தி விரலை உதறச் சொன்னோம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி என்பதுதான் பாடம். கிளம்பும் முன் பிரேக் லீவரின் குட்டித் திருகைத் திருகி, மகன் விரலுக்கு எட்டும்படி லீவரை உள்ளே தள்ளியிருந்தோம். அதைச் செய்யாமல் எந்த மலைக்கும் போகாதீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள், வேண்டாம். ஆனி, ஆடியில் தேனிப் பக்கம் மேற்குக் காற்று முகத்தில் அறையும்.

கொடைக்கானலுக்குச் சைக்கிளில் ஏறி, வண்டியில் சைக்கிளைப் போட்டு இறங்குவது நல்ல வழியாகத்தான் தோன்றுகிறது. பிள்ளைகளோடு அதைச் செய்து பார்த்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மகள் இப்போதே கேட்கிறாள். மகனின் விரல் இன்னும் கொஞ்சம் நீளட்டும்.